முகமன் உரையும் முன்னிலை வடிவும்: பழகாதோரிடை நிகழும் பேச்சின் ஆய்வு வரலாறு

0. முன்னுரை

ஒருவரையொருவர் நன்கு அறியாத இருவர் புகைவண்டியிலோ திருமணப் பந்தியிலோ அலுவலகத் தாழ்வாரத்திலோ அருகருகே இருக்க நேரும்போது, சிறிது நேரத்தில் அவர்களிடையே பேச்சு தொடங்கிவிடுகின்றது. வெயில், மழை, வண்டியின் தாமதம், ஊர், உணவு என்பனவே பெரும்பாலும் அப்பேச்சின் பொருள்களாக அமைகின்றன. தமிழ் வழக்கில் இதற்குப் 'பேச்சுக் கொடுத்தல்' என்று பெயர். அது தனிமையைப் போக்கும்போது 'பேச்சுத்துணை' எனப்படும். அளவு கடந்து பிறர் செய்தியை அறிய முற்படும்போது 'வாயைக் கிளறுதல்' எனப்படும். கொடை, துணை, துருவல் என்னும் மூன்று தன்மைகளும் ஒரே செயலுக்கு உண்டு என்பதை இப்பெயர்களே காட்டுகின்றன.

மொழியியலில் இவ்வகைப் பேச்சு நெடுங்காலம் பொருண்மை குன்றிய ஒன்றாகவே கருதப்பட்டது. செய்தியைத் தெரிவிப்பதற்கன்றி உறவைத் தொடங்குவதற்கே அது பயன்படுகின்றது என்பதே பாடநூல்கள் கூறும் விளக்கம். இக்கட்டுரை அவ்விளக்கம் உருவான வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைத்து, இந்திய மொழிகளைப் பொறுத்தவரை அது போதாது என்பதைக் காட்ட முற்படுகின்றது. எதிரில் இருப்பவரை எந்த முன்னிலை வடிவால் சுட்டுவது என்று முடிவு செய்தற்கு வேண்டிய செய்திகளைத் திரட்டும் பணி இந்திய மொழிகளில் இப்பேச்சுக்கு உண்டு. அப்பணி இலக்கணத்தையும் சமூகத்தையும் ஒருங்கே சார்ந்தது. மொழிபெயர்ப்பில் எளிதில் தவறிப்போவதும் அதுவே.

1. இலக்கண மரபில் வினாவும் விடையும்

தமிழ் இலக்கண மரபு வினாவையும் விடையையும் உரையாடலின் அடிப்படை அலகுகளாகக் கொண்டுள்ளது. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் கிளவியாக்கம், வினாவும் செப்பும் வழுவின்றி அமைய வேண்டிய முறையைக் கூறுகின்றது. வினாவிற்கு விடையாக மற்றொரு வினா வரினும் அதனைச் செப்பின்பாற் படுத்துகின்றது. பவணந்தியாரின் நன்னூல் வினாவை அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என ஆறாகவும், விடையை எட்டாகவும் பகுக்கின்றது.

இப்பகுப்பில் நோக்கத்தக்கது ஒன்று உண்டு. ஆறு வகைகளுள் அறியாமையாலும் ஐயத்தாலும் வினாவுதல் ஆகிய இரண்டே ஒரு செய்தியை அறியும் நோக்கம் உடையவை. ஏனைய நான்கும் சோதித்தல், பெறுதல், தருதல், ஏவுதல் என்னும் செயல்களைக் குறித்தவை. வினா வடிவில் அமைந்த தொடர் எல்லாம் செய்தி நாடியவை அல்ல என்னும் தெளிவு தமிழ் இலக்கணத்தார்க்கு முன்னரே இருந்தது என்பது இதனால் பெறப்படும்.

'சாப்பாடு ஆச்சா?' என்று வீட்டிற்கு வந்தவரை ஒருவர் வினாவும்போது, அது கொடை வினாவின் பாற்படும். உண்ணாதவர்க்கு உணவு தருவதே வினாவியவர் நோக்கம். அதே தொடரை நண்பகலில் தெருவில் எதிர்ப்பட்ட, அதிகம் பழகாத ஒருவரிடம் வினாவும்போது உணவு தரும் நோக்கம் இல்லை. எனினும், தருவதற்குரிய உறவு உண்டு என்னும் குறிப்பு எஞ்சி நிற்கின்றது. பேச்சையும் 'கொடுத்தல்' என்னும் வினையோடு சேர்த்தே தமிழ் வழங்குவது இங்கு ஒப்பு நோக்கத்தக்கது.

2. காலனியக் கால உரையாடல் நூல்கள்

இந்திய மொழிகளின் அன்றாடப் பேச்சை அச்சில் பதிவு செய்யும் முயற்சிகளுள் குறிப்பிடத்தக்கவை, ஐரோப்பியர்க்கு மொழி கற்பிக்க எழுந்த உரையாடல் நூல்களாகும். 1800-இல் கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரி நிறுவப்பட்டது. அங்கு வங்கமொழி கற்பித்த வில்லியம் கேரி, 1801-இல் 'கதோபகதன்' என்னும் உரையாடல் நூலைச் சிராம்பூரில் வெளியிட்டார். ஏவலாளர், வணிகர், உழவர், பெண்கள் எனப் பல திறத்தார் தமக்குள் பேசும் பேச்சு அதில் வங்கமொழியிலும் ஆங்கிலத்திலும் தரப்பட்டது. வங்கமொழிப் பேச்சு வழக்கின் தொன்மையான அச்சுச் சான்றுகளுள் ஒன்றாக அந்நூல் மதிக்கப்படுகின்றது.

அதே கல்லூரியில் இந்துஸ்தானி கற்பித்த ஜான் கில்கிறிஸ்டும் உரையாடல் நூல் எழுதினார். இத்தகைய நூல்களை ஆராய்ந்த பெர்னார்ட் கோன், 1985-இல் வெளிவந்த கட்டுரையில், ஆட்சியாளர் இந்திய மொழிகளைக் கற்றது பெரிதும் ஆணையிடும் மொழியாகவே என்று நிறுவினார். உணவு கொண்டுவரச் சொல்லுதல், குதிரையை ஆயத்தம் செய்யச் சொல்லுதல், வேலையாளைக் கடிந்துகொள்ளுதல் ஆகியவற்றிற்குரிய ஏவல் தொடர்கள் இவ்வகை நூல்களில் மிகுதி. ஆணையிடுபவர்க்கு எதிரில் இருப்பவர் யார் என்று அறியும் தேவை எழுவதில்லை. எந்த முன்னிலை வடிவு என்பது அவர்க்கு முன்பே முடிவு செய்யப்பட்டுவிட்டது. பழகாதவரிடம் தயங்கித் தொடங்கும் பேச்சுக்கு அங்கு இடம் குறைவு. கேரியின் நூல் உள்நாட்டார் தமக்குள் பேசுவதைக் காட்டியமையாலேயே இதனின்று வேறுபட்டது.

3. மாலினோவ்ஸ்கியும் யாகப்சனும்

பழகாதோரிடை நிகழும் பேச்சுக்குத் தனிப்பெயர் தந்தவர் மானிடவியலறிஞர் பிரானிஸ்லாவ் மாலினோவ்ஸ்கி. 1915 முதல் 1918 வரையிலான காலத்தில் இருமுறை டிரோபிரியாண்டுத் தீவுகளில் தங்கிக் கள ஆய்வு செய்த இவர், ஆக்டனும் ரிச்சர்ட்சும் எழுதி 1923-இல் வெளிவந்த 'பொருளின் பொருள்' என்னும் நூலுக்குப் பின்னிணைப்பாக ஒரு கட்டுரை வரைந்தார். அதில் 'ஃபேட்டிக் கம்யூனியன்' என்னும் தொடரை ஆக்கினார். 'பேசப்பட்டது' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் அடிப்படையில் அமைந்த இத்தொடரை 'உறவுப் பேச்சு' என இக்கட்டுரை வழங்கும்.

நலம் வினாவுதல், வானிலை பற்றிக் கூறுதல், யாவர்க்கும் தெரிந்த ஒன்றை எடுத்துரைத்தல் ஆகியவற்றை மாலினோவ்ஸ்கி இதற்குச் சான்றாகக் காட்டினார். இருவர் எதிர்ப்பட்டு வாய்பேசாது நிற்பது அச்சத்தையும் இறுக்கத்தையும் தருகின்றது; அவ்விறுக்கத்தைத் தளர்த்துவதே இப்பேச்சின் பயன்; சொற்களின் பொருள் இங்கு ஏறக்குறைய வேண்டப்படுவதே இல்லை என்பது அவர் கருத்து. இன்றைய நாள் இனிது என்னும் ஆங்கிலத் தொடரையும் எங்கிருந்து வருகின்றாய் என்னும் மெலனீசியத் தொடரையும் அவர் இணையாக வைத்தார். இவ்விணைப்பே பின்வந்த சிக்கலின் தோற்றுவாய். முன்னது கூற்று, பின்னது வினா. முன்னது கேட்பவரைப் பற்றி எதுவும் நாடுவதில்லை; பின்னது அவர் வந்த வழியை நாடுகின்றது. இரண்டையும் ஒன்றெனக் கொண்டமையால் வினாவின் உள்ளடக்கம் மறைந்தது.

1958-இல் இந்தியானாப் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் ரோமன் யாகப்சன் ஆற்றிய உரை 1960-இல் தாமஸ் செபியோக் பதிப்பித்த நடையியல் தொகுப்பில் வெளிவந்தது. மொழியின் ஆறு பணிகளுள் ஒன்றாக யாகப்சன் மாலினோவ்ஸ்கியின் கருத்தை ஏற்றுக்கொண்டார். ஆனால் அதனைத் தொடர்புத் தடத்தைத் திறந்து வைக்கும் பணியாகச் சுருக்கினார். தொலைபேசியில் 'கேட்கிறதா?' என்று வினாவுவதும் இதன்பாற் பட்டது. மாலினோவ்ஸ்கியிடம் மனிதர்க்கிடையேயான பிணைப்பாக இருந்தது இங்குக் கருவியின் இணைப்புப் போன்றதாயிற்று.

அதே 1960-ஆம் ஆண்டுத் தொகுப்பில்தான் ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் ஆகியோரின் கட்டுரையும் இடம்பெற்றது. முன்னிலைப் பெயர்களின் தேர்வு அதிகாரம், தோழமை என்னும் இரு அச்சுகளின்வழி அமைகின்றது என்பது அதன் முடிபு. இவ்விரு கட்டுரைகளும் ஒரே அட்டைக்குள் தனித்தனியே நின்றன. முன்பின் அறியாதவரிடம் பேச்சைத் தொடங்குவதும், அவரைச் சுட்டும் பெயரைத் தெரிவு செய்வதும் ஒரே கணத்தில் நிகழ்வன என்னும் நோக்கில் அவற்றை இணைத்துக் காண்பது இந்திய மொழியாய்வுக்கு இன்றியமையாதது.

4. வெறுமைக் கொள்கையின் மறு ஆய்வு

1970-களில் இக்கருத்து மறு ஆய்வுக்கு உட்பட்டது. ஜான் லேவர் 1975-இல், உறவுப் பேச்சு உரையாடலின் தொடக்கத்திலும் முடிவிலும் செறிந்து நிற்பதையும், அதில் வரும் கூற்றுகள் பொதுச் சூழலைச் சார்ந்தவை, பேசுவோரைச் சார்ந்தவை, கேட்போரைச் சார்ந்தவை என மூவகைப்படுவதையும் காட்டினார். உயர்நிலையில் இருப்பவர் கேட்போரைப் பற்றிப் பேசலாம். தாழ்நிலையில் இருப்பவர் தம்மைப் பற்றியே பேசித் தொடங்குவர். ஆகவே எவ்வகைக் கூற்று என்னும் தெரிவே தகுதி வேறுபாட்டைப் புலப்படுத்திவிடுகின்றது.

எஸ்தர் குடி பதிப்பித்து 1978-இல் வெளிவந்த வினாவும் பணிவும் பற்றிய தொகுப்பு இத்துறையில் ஒரு திருப்பம். கானாவின் கொஞ்சா மக்களிடையே வினா எழுப்பும் உரிமை தகுதியோடு பிணைந்திருப்பதைக் குடி அதில் விளக்கினார். பெனலோப் பிரவுன், ஸ்டீபன் லெவின்சன் ஆகியோரின் பணிவுக் கோட்பாடு முதலில் வெளிவந்ததும் அத்தொகுப்பிலேயாகும். 1987-இல் அது தனி நூலாயிற்று. ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால், தமிழ் ஆகிய மூன்று மொழிகள் அதற்கு அடிப்படை. தமிழ்ச் சான்றுகள் கோயம்புத்தூர் மாவட்டச் சிற்றூர் ஒன்றில் திரட்டப்பட்டவை. கருத்து வேறுபாட்டுக்கு இடந்தராத பொருள்களைப் பேசி ஒருமைப்பாட்டை நாடுவதை அவர்கள் பணிவு உத்திகளுள் ஒன்றாக வைத்தனர்.

மாலினோவ்ஸ்கி எடுத்துக்காட்டிய வினாவே பின்னர் அவர் விளக்கத்திற்கு எதிரான சான்றாயிற்று. 1982 முதல் டிரோபிரியாண்டுத் தீவுகளில் ஆய்வு நிகழ்த்திய குந்தர் சென்ஃப்ட், அங்கு எதிர்ப்படுவோர் 'எங்கே?' என்று வினாவுவதை வெறும் முகமனாகக் கொள்ள இயலாது என்று எழுதினார். வினாவப்பட்டவர் தாம் செல்லும் இடத்தையும் செய்யப்போவதையும் உண்மையாகவும் விரிவாகவும் கூறுகின்றனர். அவர் உரிய நேரத்தில் உரிய இடம் சேரவில்லையெனில் எங்குத் தேடுவது என்பது ஊராருக்குத் தெரிந்திருக்கும். வினா இங்குக் காவலாகின்றது. பொருளற்றது என்று கருதப்பட்டது, பொருளை அறியாத செவியில் விழுந்தமையால் அவ்வாறு தோன்றியது.

தமிழகத்தில் இதற்கு நேர்மாறான வழக்கு உண்டு. புறப்படுபவரை 'எங்கே?' என்று வினாவினால் போகும் காரியம் கெடும் என்னும் நம்பிக்கையால், 'தூரமா?' என்று வினாவுவர். விடை கூறுபவரும் 'இங்கேதான்', 'சும்மா இப்படி' என்று நிறுத்திக்கொள்ளலாம். அக்கறை புலப்படுகின்றது, துருவல் தவிர்க்கப்படுகின்றது. ஒரே வினா ஓரிடத்தில் கடமையாகவும் மற்றோரிடத்தில் தவிர்க்க வேண்டியதாகவும் அமைவது, இவ்வினாக்களுக்குப் பொருள் உண்டு என்பதற்கே சான்றாகும்.

5. முன்னிலைத் தேர்வும் முன்னிலை சுட்டாத் தொடரும்

இந்திய மொழிகள் பலவற்றில் முன்னிலையை நோக்கி ஒரு முழுத்தொடரைக் கூறுவதற்கு முன் கேட்பவரின் தரத்தை முடிவு செய்தாக வேண்டும். தமிழில் போகிறாய், போகிறீர், போகிறீர்கள் என்பவற்றுள் ஒன்றைக் கொள்ள வேண்டும். இந்தியில் தூ, தும், ஆப் என்பவையும், வங்கமொழியில் துய், துமி, ஆப்னி என்பவையும் வினைமுற்றோடு இயைந்து வருவன. வங்கமொழியில் ஜாச்சிஸ், ஜாச்சோ, ஜாச்சேன் என வினை ஈறே தரத்தைக் காட்டுதலின், பெயரை விடுத்தாலும் தரத்தை மறைக்க இயலாது. அறியாதவரிடம் தாழ்ந்த வடிவைக் கூறின் அது இழிவாகும். உயர்ந்த வடிவைக் கூறின் சில சூழல்களில் அது தன்னையே தாழ்த்துவதாகும்.

இச்சிக்கலுக்கு மொழிகள் கண்ட தீர்வு, முன்னிலை சுட்டாத் தொடர். பயணத்தில் முதல் வினா 'எந்த ஊருக்குப் பயணம்?' எனப் பெயர்ப் பயனிலையோடு அமைகின்றது. இந்தியில் 'கஹான் ஜானா ஹை?' என்பதும் செல்பவரைச் சுட்டும் பெயரின்றி, முன்னிலை ஈறுமின்றி வருகின்றது. உணவு பற்றிய வினாவில் இவ்வமைப்பு இன்னும் தெளிவாகப் புலனாகின்றது:

தமிழ்: சாப்பாடு ஆச்சா?
மலையாளம்: ஊணு கழிஞ்ஞோ?
கன்னடம்: ஊட்ட ஆய்தா?
தெலுங்கு: போஜனம் அயிந்தா?
மராத்தி: ஜேவண் ஜாலம் கா?
இந்தி: கானா ஹோ கயா?
வங்கமொழி: காவா ஹொயேச்சே?

இவ்வேழனுள்ளும் உண்பவர் சுட்டப்படவில்லை. உணவோ உண்டலோ எழுவாயாகி, 'ஆதல்' அல்லது 'முடிதல்' என்னும் பொருளுடைய வினை பயனிலையாகின்றது. மலையாள வினை பொதுவாகவே இட ஈறு பெறாதது ஆதலின், அங்குப் பெயர் மட்டுமே தவிர்க்கப்படுகின்றது. ஏனையவற்றில் முன்னிலை ஈறும் தவிர்க்கப்படுகின்றது. தமிழில் 'சாப்பிட்டாச்சா?' என்னும் வடிவிலும் இடம் காட்டும் ஈறு இல்லை, 'சாப்பிட்டாயா?', 'சாப்பிட்டீர்களா?' ஆகியவற்றோடு ஒப்பிட இது விளங்கும். திராவிட மொழிகளும் இந்தோ-ஆரிய மொழிகளும் ஒருங்கே இவ்வமைப்பைக் கொண்டிருத்தல், எமனோ 1956-இல் இந்தியாவை ஒரு மொழிப் பரப்பாகக் கண்ட நோக்கில் மேலும் ஆராயத்தக்கது.

இத்தொடர்கள் தேர்வைத் தள்ளிவைக்கின்றனவே அன்றி நீக்குவதில்லை. ஊர், தொழில், வயது, குடும்பம் ஆகியவை ஒவ்வொன்றாகத் தெரியவரும்போது தேர்வு நெருங்குகின்றது. ஒரு கட்டத்தில் 'நீங்கள்' என்றோ 'நீ' என்றோ 'அண்ணா', 'அம்மா', 'தம்பி' என்றோ முதல் விளி வருகின்றது. அதுவரை நிகழ்ந்த பேச்சு அவ்விளிக்கு ஆயத்தமாகும்.

6. மசூர் நிலையம், 1901

1853 ஏப்ரல் 16-ஆம் நாள் பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே முதல் பயணிகள் வண்டி ஓடியது. தென்னகத்தில் 1856-இல் இராயபுரத்திலிருந்து வாலாஜா சாலை வரை இருப்புப்பாதை திறக்கப்பட்டது. முன்பின் அறியாதோர் ஒரே பலகையில் மணிக்கணக்கில் அமரும் நிலையை இப்பயணம் பெருக்கியது. ஊரில் அனைவரும் அனைவரையும் அறிவர். முன்னிலை வடிவம் பிறப்பிலேயே முடிவாகிவிடும். நிலையத்திலோ அதனை வினாவித்தான் அறிய வேண்டும். அவ்வினா யாவர்க்கும் ஒரே தன்மையதன்று என்பதற்கு அம்பேத்கரின் தன்வரலாற்றுக் குறிப்பு சான்றாகின்றது.

'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்னும் அக்குறிப்பு 1990-இல் தனி வெளியீடாக வந்தது. 1901-இல் சிறுவனாக இருந்த அம்பேத்கர், உறவுச் சிறுவர்களுடன் சாத்தாராவிலிருந்து தந்தை பணியாற்றிய ஊருக்குப் புறப்பட்டு மசூர் நிலையத்தில் இறங்கினார். அழைத்துச் செல்ல எவரும் வரவில்லை. நல்ல உடை அணிந்திருந்த அச்சிறுவர்களிடம் நிலைய அதிகாரி பரிவோடு பேச்சுக் கொடுத்தார். ஏன் நிற்கின்றனர், எங்குச் செல்கின்றனர் என்று வினாவிய பின், அவர்கள் யார் என்று வினாவினார். மகர்கள் என்று சிறுவன் விடை கூறிய அளவில் அவர் முகம் மாறியது. பேச்சை விடுத்துத் தம் அறைக்குச் சென்றுவிட்டார். வண்டிக்காரர்களும் மறுத்தனர். இருமடங்கு கூலி தந்து, சிறுவர்கள் தாமே வண்டியை ஓட்ட, வண்டிக்காரர் உடன் நடந்துவர ஒப்பிய பின்னரே பயணம் தொடர்ந்தது.

அன்றிரவு சுங்கச்சாவடியில் தண்ணீர் கேட்கச் சென்றபோதும் யார் என்னும் வினாவே எதிர்ப்பட்டது. இம்முறை வண்டிக்காரர் அறிவுரைப்படி இசுலாமியர் என்று விடை கூறி, ஐயம் எழாதிருக்க நன்கறிந்த உருது மொழியிலேயே சிறுவன் பேசினான். ஆயினும் தண்ணீர் கிடைக்கவில்லை.

மசூரில் நிகழ்ந்த வினாக்களின் வரிசை உறவுப் பேச்சின் இயல்பான வரிசையேயாகும். தொடக்கத்தில் அதில் பகைமை இல்லை. உதவும் நோக்கமே இருந்தது. ஆயினும் உறவைத் தொடங்கும் பேச்சு, தன் மூன்றாம் வினாவில் உறவை அறுத்தது. சுங்கச்சாவடியிலோ விடையின் பொருளோடு விடை கூறும் மொழியும் அடையாளச் சான்றாயிற்று. இறுக்கத்தைத் தளர்த்தும் வெற்றுச் சொற்கள் என்னும் விளக்கம் இங்குப் பொருந்தாது. 'எந்த ஊர்?' என்பதைத் தொடர்ந்து 'ஊரில் எந்தத் தெரு?' என்று வினாவும் தமிழ் வழக்கும் இத்தகையதே. ஒருவர்க்குப் பேச்சுத்துணையாக அமைவது மற்றொருவர்க்கு விசாரணையாக அமையக்கூடும்.

7. மொழிபெயர்ப்பாளர் கருத்தில் கொள்ள வேண்டியவை

முதலாவது, ஆங்கிலத்தின் முன்னிலைப் பெயர் தரவேறுபாடு அற்றது. ஆங்கிலப் புனைகதையில் முன்பின் அறியாத இருவர் பேசத் தொடங்கும் இடத்தில், தமிழாக்கம் முதல் வரியிலேயே 'நீங்கள்' என்று அமைத்துவிடின், தேர்வு முன்னரே முடிந்துவிடுகின்றது. அவ்விடத்தில் முன்னிலை சுட்டாத் தொடர்களைப் பயன்படுத்தி, உறவு தெளிவுறும் இடத்தில் விளியைக் கொண்டுவருதல் தமிழ் இயல்புக்கு ஏற்றது.

இரண்டாவது, தமிழிலிருந்து ஆங்கிலத்திற்குச் செல்லும்போது வடிவ மாற்றமே மறைந்துவிடுகின்றது. 'நீங்கள்' என்பது 'நீ' ஆகும் இடம் நெருக்கத்தையோ இழிவையோ காட்டும். பெயர், விளி, தொடரின் நீளம் ஆகியவற்றால் அதனை ஈடுசெய்ய வேண்டியுள்ளது.

மூன்றாவது, 'சாப்பாடு ஆச்சா?' போன்றவற்றைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் செய்தி வினாவாகிவிடும். வானிலைத் தொடராக மாற்றினால் அதன் கொடைக் குறிப்பு அழிந்துவிடும். கதைச்சூழலில் உணவு ஒரு பொருட்டாயின் சொல்லைக் காத்தலும், முகமன் மட்டுமே ஆயின் பணியைக் காத்தலும் தக்கன.

நான்காவது, மூலம் கூறாததைப் பெயர்ப்பு கூறலாகாது. மசூர் நிகழ்ச்சி ஆங்கிலத்தில் எழுதப்பட்டது. விடையைக் கேட்பதற்கு முன்னும் பின்னும் அதிகாரி சிறுவர்களை எவ்வடிவால் சுட்டினார் என்பதை அம்மொழி காட்டாது. தமிழாக்குபவர் 'நீங்கள்' என்பதை 'நீ' என மாற்றி அமைத்தால், அது மூலத்தில் இல்லாத சான்றைப் படைத்ததாகும். அயற்கூற்றும் முன்னிலை சுட்டாத் தொடரும் இங்குக் கைகொடுக்கும்.

8. முடிவுரை

உறவுப் பேச்சு பற்றிய கருத்து 1923-இல் பிணைப்பாகத் தொடங்கி, 1960-இல் தொடர்புத் தடமாகச் சுருங்கி, 1970-களுக்குப் பின் தகுதியும் உரிமையும் சார்ந்த செயலாக விரிந்தது. இந்திய மொழிகள் அதற்கு மேலும் ஒரு கூறைச் சேர்க்கின்றன. பழகாதோர் பேசும் முதற்பேச்சு, முன்னிலை வடிவத்தைத் தேடும் பேச்சு. அத்தேடல் முடியும்வரை பேசுதற்கென்றே முன்னிலை சுட்டாத் தொடர்களை இம்மொழிகள் வளர்த்து வைத்துள்ளன. அத்தொடர்களின் எல்லைக்குள் நிற்கும்வரை இருவரும் நிகராகவே நிற்கின்றனர். அதற்கப்பால் எழும் வினா துணையாவதும் துருவலாவதும், வினாவுபவர் விடையைக் கொண்டு என்ன செய்கின்றார் என்பதைப் பொறுத்தது. பேச்சு வழக்கைத் தொகுப்போரும் மொழிபெயர்ப்போரும் இம்முதல் வரிகளைப் பொருளற்றவை எனக் கடந்து செல்லாமல், அவற்றின் வடிவத்தை உள்ளவாறே பதிவு செய்தல் வேண்டும்.